ஒட்டுவாரொட்டி அல்ல

உம்மம்மா அதைக் கரப்பான் என்பார். எங்கள் ஒழுங்கையில் உள்ள மாமிமார் கிரந்தி என்பார்கள். கிளினிக் கொப்பியில் வைத்தியர் எக்ஸிமா என்று எழுதியிருக்கிறார். பெயர்கள் மூன்றானாலும் பொருள் ஒன்றுதான். என் இரண்டு கைகளிலும் ஆறு வருடங்களாக இருந்துவரும் கடியும், வெடிப்பும், அவை விட்டுச்சென்ற கறுப்பும்தான் அது. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையிலும், அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி என்ற வகையிலும் இதை எழுதுகிறேன். இம்மலரை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் விரல்களின் ஓரத்தில் சவ்வரிசி அளவில் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்தன. அவை காய்ந்ததும் தோல் உரிந்தது. உரிந்த இடம் வெடித்தது. பகலில் படிப்பும் வீட்டுவேலையும் கடியை மறக்கச் செய்யும். இரவில் விளக்கை அணைத்ததும் அது தொடங்கிவிடும். தேசிக்காய் பிழிந்தாலும் வெங்காயம் உரித்தாலும் நெருப்பில் கை வைத்ததுபோல் எரியும். சாதாரண தரப் பரீட்சை நாட்களில் பெருவிரல் வெடிப்பில் பேனை படாமலிருக்க, உம்மா பழைய வொயில் துணியைக் கிழித்துச் சுற்றிவிடுவார். கையெழுத்து கோணினாலும் விடைகள் கோணவில்லை. அல்ஹம்துலில்லாஹ், சித்தியடைந்தேன்.

கடியைத் தாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களின் பார்வையைத் தாங்குவது அதைவிடக் கடினம். எங்கள் உறவில் ஒரு வலீமா விருந்து நடந்தது. பெண்கள் பகுதியில் சஹன் வைத்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து ஒன்றாக உண்பது நமது வழக்கம். நான் அமர்ந்து, கை கழுவி, சோற்றில் கை வைக்கப்போன நேரம், எதிரில் இருந்த ஒரு தாய் என் விரல்களைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தன் மகளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி அடுத்த சஹனுக்கு அழைத்துப்போனார். மற்ற இருவரும் இடம் மாறினார்கள். அவ்வளவு பெரிய சஹனில் நான் தனியே இருந்தேன். சற்றுத் தூரத்தில் பரிமாறிக்கொண்டிருந்த உம்மா கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, "தள்ளி இரு மகள், எனக்கும் பசிக்குது" என்று சொல்லி என் பக்கத்தில் அமர்ந்தார். இருவரும் சாப்பிட்டோம். உம்மா வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டார்.

அந்தத் தாயின் மீது எனக்குக் கோபமில்லை. பிள்ளைக்கு ஒட்டிவிடுமோ என்று அவர் பயந்தார். ஒட்டுவாரொட்டி என்ற சொல்லே நம் ஊர்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்கப் போதுமானது. ஆகவே எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு என்னைக் கூட்டிச்சென்ற இடங்கள் இரண்டு. ஒன்று வைத்தியசாலையின் தோல்நோய் கிளினிக். மற்றது மயிலிட்டி.

மயிலிட்டி யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, காங்கேசன்துறைக்கு அருகே உள்ள கடற்கரை ஊர். போருக்கு முன் குடாநாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. 1990 யூனில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அதே 1990 ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது சிறுமியாக இருந்த என் உம்மா, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். போர் முடிந்தபின் நாங்கள் திரும்பி வந்தோம். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின், 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. அன்றிலிருந்து வாப்பா விடியற்காலையில் அங்கே போய் மீன் எடுத்துவந்து நகரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். விடுமுறை நாட்களில் சில வேளை உம்மாவும் நானும் கூடப் போவோம்.

அந்த மயிலிட்டியில் 1990க்கு முன் காசநோய் வைத்தியசாலை ஒன்றும் இருந்தது. கடற்காற்று நோயாளருக்கு நல்லது என்ற எண்ணத்தில், அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய வைத்தியசாலைகளைக் கடலோரங்களிலும் மலைகளிலும் கட்டினார்கள். காசநோய் உண்மையிலேயே ஒட்டும் நோய். 1882 மார்ச் 24ஆம் திகதி ரொபேட் கொக் என்ற ஜேர்மன் அறிஞர் அதன் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அது காற்றின் வழியாகப் பரவும் என்பதையும் இன்று அறிவோம். எக்ஸிமாவுக்கு அப்படி ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தாவும் கிருமி கிடையாது. கை கொடுத்தாலும், ஒரே சஹனில் உண்டாலும், ஒரே துவாயில் துடைத்தாலும் அது பரவாது.

பிறகு அது எப்படி வருகிறது? நம் தோலின் மேற்படையை ஒரு மதிலாக நினைத்துக்கொள்ளுங்கள். தோல் கலங்கள் கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பு, கற்களைப் பிடிக்கும் சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியிலுள்ள உறுத்தும் பொருட்கள் உள்ளே வரும். உடல் அதை எதிர்த்துப் போராடும்போது தோல் அழற்சி கொண்டு கடிக்கிறது. சிலருக்கு அந்த மதில் பிறப்பிலேயே சற்றுப் பலவீனம். பிலாகிறின் என்ற புரதத்தை உருவாக்கும் பரம்பரையலகில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். எங்கள் வீட்டில் வாப்பாவுக்கு முட்டு, சாச்சிக்கு ஓயாத தும்மல், எனக்குக் கை. இவை மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவது வழக்கம் என்று வைத்தியர் சொன்னார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி எனக்குப் புதுமையாக இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தரம் உங்கள் கை நனைகிறது?" எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு சனிக்கிழமை குசினிச் சுவரில் தாள் ஒட்டிக் கோடு போட்டேன். வுழூ 5. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் 6. பீங்கான், சட்டி கழுவியது 4. மீன், மரக்கறி, அரிசி கழுவியது 7. உடுப்புத் துவைத்தது 1. மற்றவை 8. ஆக மொத்தம் 31. அதே நாளில் நானாவின் கணக்கையும் எழுதினேன். 12.

நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ அதை ஈர வேலை என்று தொழில்சார் மருத்துவத்தில் கணக்கிடுகிறார்கள். முடிதிருத்துவோர், தாதியர், சமையற்காரர் ஆகியோருக்குக் கை எக்ஸிமா அதிகம் வருவது அதனால்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவதற்கும் வீட்டு ஈர வேலை ஒரு முக்கிய காரணம். வுழூவைப் பற்றி உம்மா கவலையோடு கேட்டார். சவர்க்காரம்தான் முதல் எதிரி என்றார் வைத்தியர். தோலின் இயல்பான பீஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சவர்க்காரம் 9, 10 என்று காரமாக இருக்கும். அது அழுக்கோடு சேர்த்துச் சாந்தையும் கரைத்துவிடுகிறது. வுழூ செய்தபின் கையைக் காற்றில் காயவிடாமல் மென்மையாக ஒற்றித் துடைத்து, உடனே ஈரப்பதன் காக்கும் களிம்பைப் பூசச் சொன்னார். ஐந்து நேரத் தொழுகையும் எனக்குக் களிம்பு பூசும் நேரத்தை நினைவூட்டும் மணியாயிற்று.

வாப்பா சுவரிலிருந்த தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு நானாவைக் கூப்பிட்டு, "இண்டையிலிருந்து ராச்சாப்பாட்டுப் பீங்கான் உன்ர வேலை" என்றார். நானா முகத்தைச் சுளித்தாலும் கழுவினார். இன்றும் கழுவுகிறார். எனக்குக் கிடைத்த மருந்துகளில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

மயிலிட்டியில் வாப்பா மீன் எடுக்கும் வாடியில் ஓர் அன்ரி இருக்கிறார். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் 27 வருடம் கழித்து ஊர் திரும்பியவர். நாள் முழுவதும் மீன் வெட்டுவார், இறால் உரிப்பார். நான் கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "எங்க, கையைக் காட்டு பிள்ளை" என்றார். காட்டினேன். "எட, என்ர கை மாதிரியெல்லோ இருக்கு! நான் மட்டும்தான் இப்படி எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்று தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே வெடிப்பு, ஒரே கறுப்பு. "ஒட்டினாலும் இனி ஆருக்கு நட்டம், சொல்லு பாப்பம்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அவருடைய கதை என்னுடையதைவிடச் சற்று வேறுபட்டது. இறால் உரிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருக்குக் கை கடிக்கும். உணவுப் பொருட்களைக் கையாளுபவர்களுக்கு மீன், இறால் போன்றவற்றின் புரதமே இப்படி உடனடி ஒவ்வாமையைத் தரலாம் என்பதை டென்மார்க் வைத்தியர்கள் 1976இல் விவரித்தார்கள். அன்ரியின் தமையனார் மேசன். அவருக்குச் சீமெந்தால் கை வெடிப்பு. சீமெந்திலுள்ள குரோமியம் என்ற உலோகச் சேர்மம் அதற்குப் பெயர்போன காரணம். டென்மார்க்கில் 1981 முதல் இரும்புச் சல்பேற்றுக் கலந்து அதைக் குறைத்தார்கள். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் சட்டப்படி அளவு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆக, ஒரே பெயருள்ள நோய்க்கு ஒவ்வொருவரிடமும் காரணம் வேறு. காரணம் தெரியாவிட்டால், சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி இரண்டு நாளில் எடுத்து, அன்றும் பின்னரும் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை உண்டு. 1895இல் யடசோன் என்ற தோல் வைத்தியர் தொடக்கிவைத்த முறை இன்றும் பயன்படுகிறது.

அன்ரியால் வேலையை விட முடியாது. அது அவருடைய அடுப்பு எரியும் வழி. நான் கிளினிக்கில் கேட்டுவந்ததைச் சொன்னேன். பருத்திக் கையுறையை உள்ளே போட்டு அதன்மேல் றப்பர் கையுறை போடவேண்டும், உள்ளே வியர்த்து நனைந்தால் மாற்றவேண்டும் என்றேன். "கத்தி வழுக்கும் பிள்ளை" என்றார். இறுதியில் இறால் உரிக்கும்போது மட்டும் கையுறை என்றும், மீன் வெட்டுவதில் ஒரு பகுதியை மச்சாள் எடுத்துக்கொண்டு இவர் நிறுவையைப் பார்ப்பது என்றும் அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். இப்போது முழுவதும் மாறவில்லை. ஆனால் இரவில் நித்திரை கொள்கிறார்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறுகள் இல்லை, பெரும்பாலும் கிணறுகளே கதி. கிணற்று நீர் கடினநீர். சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது, கூடுதலாகப் போட வேண்டிவரும். கடினநீர் உள்ள பகுதிகளில் சிறு பிள்ளைகளுக்கு எக்ஸிமா அதிகம் காணப்படுவதாக 1998இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் 336 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், வீட்டுக்கு நீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டியதால் நோய் குறையவில்லை. ஆகவே பெற்றோர் கடன்பட்டு இயந்திரம் வாங்குவதைவிடச் சவர்க்காரத்தைக் குறைத்து, களிம்பைக் கூட்டுவது நல்லது.

இனி அந்தக் கறுப்புக்கு வருவோம். அழற்சி வந்த இடத்தில் தோலின் நிறக்கலங்கள் மெலனின் என்ற நிறப்பொருளைக் கூடுதலாக வெளியிடுகின்றன. சொறியச் சொறியத் தோல் தடித்து இன்னும் கறுக்கும். அழற்சி அடங்கினால் கறுப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் மெல்ல மங்கும். முதலில் கடியை நிறுத்த வேண்டும், நிறம் பின்னால் வரும். மருத்துவ நூல்களில் எக்ஸிமா சிவப்பு நிறம் என்று எழுதியிருக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது ஊதாவாகவோ, சாம்பலாகவோ, கடும் கபிலமாகவோ தெரியும். நூல்களில் வெள்ளைத் தோலின் படங்களே அதிகம் என்பதைக் கண்ட மலோன் முக்வெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர், கறுப்பு, மாநிறத் தோல்களில் நோய் எப்படித் தெரியும் என்று காட்டும் கைந்நூலைத் தன் விரிவுரையாளர்களோடு சேர்ந்து 2020இல் வெளியிட்டார். மாணவராக இருக்கும்போதே செய்தார். சகோதரிகளே, இதைக் கவனியுங்கள்.

உறவினர் ஒருவர் அன்போடு ஒரு வெள்ளையாக்கும் கிறீம் கொண்டுவந்து கொடுத்தார். "கலியாணம் பேசுற நேரம் கை இப்படி இருந்தா என்ன செய்யிற?" என்று உம்மாவிடம் கேட்டார். டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. உம்மா அதைத் திறக்காமலே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினார். இப்படிப்பட்ட சில கிறீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றார் வைத்தியர். வேறு சிலவற்றில் கடுமையான ஸ்டெரொயிட் இருக்கும். பூசும்வரை பளிச்சென்று இருந்து, நாளடைவில் தோலை மெல்லியதாக்கி, நிறுத்தியதும் முன்னையதைவிட மோசமாக்கும். பாதரச நச்சால் மக்கள் அழிந்த ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரில் 2013இல் ஏற்பட்ட உலக உடன்படிக்கை, அழகுசாதனங்களில் பாதரசத்தை ஒழிக்கவும் வழிசெய்கிறது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. நிறத்துக்காகச் சிறுநீரகத்தை விலை கொடுக்க எந்த மாப்பிள்ளை வீட்டாரும் தகுதியானவர்கள் அல்லர்.

பெருநாள் நேரம் மருதோன்றியிலும் கவனம் தேவை. இலையை அரைத்த உண்மையான மருதோன்றி செம்மஞ்சளாகத் தொடங்கிக் கபிலமாகச் சிவக்கும், மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி"யில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பீபீடி என்ற இரசாயனம் கலந்திருக்கும். அது கொப்புளமும் தழும்பும் உண்டாக்கலாம். ஒரு தடவை ஒவ்வாமை ஏற்பட்டால் ஆயுள் முழுவதும் தலைச்சாயமும் ஒத்துவராது. கைவைத்தியமாக உள்ளியை அரைத்துக் கட்டச் சொல்வோரும் உண்டு. பச்சை உள்ளி தோலைப் பொசுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியர் தந்த ஸ்டெரொயிட் பூச்சை அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசினேன். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் கிடைக்கும் அளவு, ஏறத்தாழ அரைக் கிராம். அது வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கை விரல்களோடு சேர்ந்த பரப்புக்குப் போதும். மற்ற நேரமெல்லாம் வாசனையில்லாத சாதாரணக் களிம்புதான். நகத்தை வெட்டி வைத்திருக்கிறேன். கடி வந்தால் சொறியாமல் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கிறேன். பரீட்சைக் காலத்தில் கூடும், விடுமுறையில் குறையும். என் கை முற்றாக மாறிவிட்டது என்று எழுத முடியாது. ஆனால் இப்போது பேனை பிடிக்கத் துணி சுற்றுவதில்லை.

போன தவணையில் ஒரு நாள் இடைவேளை நேரம், கீழ் வகுப்புத் தங்கை ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். வலீமாவில் சஹனிலிருந்து எழுந்துபோன அதே பிள்ளை. "ராத்தா, எனக்கும் விரலிடுக்கில கடிக்குது. இரவில கூட. தம்பிக்கும் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டாத நோய் எக்ஸிமா. ஆனால் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில், இரவில் கூடுதலாகக் கடித்தால் அது சிரங்காக இருக்கலாம். அது சிறு உண்ணியால் வருவது, உண்மையிலேயே ஒட்டுவது. மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் பூசினால் மாறிவிடும். எது என்று கையைப் பார்த்துச் சொல்ல நான் வைத்தியர் அல்லள். உம்மாவிடம் மறைக்காமல் சொல்லி, வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தாயார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உம்மா கதிரை போட்டார். தேத்தண்ணி கொடுத்தார். அவர் பழைய விடயம் எதுவும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. தோல் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நம்பர் கொடுப்பார்கள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவருக்கு வழி சரியாகத் தெரியாது என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கும் முறை இருந்தது. இருவருமாகவே போவோம் என்று உம்மா சொன்னார்.